விடத் தெரியாதவர்கள் அணில் வளர்க்க வேண்டாம்

வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது எனக்கு ஒரு புகைப்படம் வந்துவிடும். உள்ளங்கையில் பழைய கைக்குட்டை, அதன்மேல் இளஞ்சிவப்பாக, கண் திறக்காத, கட்டைவிரல் அளவுக்கு ஓர் உயிர். முதுகில் மூன்று கோடுகள் இப்போதுதான் பென்சிலால் போட்ட மாதிரி லேசாகத் தெரியும். கூடவே கேள்வி: "ப்ரோ, அணில் குட்டி கிடைச்சிருக்கு. என்ன குடுக்கலாம்?" நான் விலங்கு மருத்துவன் இல்லை. சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். நான்கு வருடங்களில் ஏழு அணில் குட்டிகளை வளர்த்து ஐந்தை வெளியே விட்டிருக்கிறேன். மற்ற இரண்டும் பூனை வாயிலிருந்து வந்தவை, இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. இந்தச் சில்லறை அனுபவத்தால் நண்பர்கள் வட்டத்தில் இந்தப் பதவி என் தலையில் விழுந்துவிட்டது. பதிலுக்கு நான் அனுப்பும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அதோட அம்மா எங்க?"

அதற்குப் பிறகு பத்து நிமிடம் மௌனம். பிறகு, "தெரியல ப்ரோ, கீழ கிடந்துச்சு" என்று வரும். எங்கே கீழே, எந்த மரத்தடியில், எத்தனை மணிக்கு, பக்கத்தில் வேறு குட்டி இருந்ததா, மேலே எங்காவது ஒரு பெரிய அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்ததா? ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள். குட்டியைப் பார்த்த கணத்திலேயே அதற்கு அம்மா இல்லை என்று முடிவாகிவிட்டது. அந்த நாற்காலி காலி என்று நினைத்து இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சுற்றி வளைக்காமல் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அணில் குட்டியை எடுத்து வளர்க்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் அதைக் காப்பாற்றுவதில்லை. சிலர் உயிரோடு இருக்கிற தாயிடமிருந்து அதைப் பிரிக்கிறார்கள். மற்றவர்கள் நிஜமாகவே தாய் இல்லாததை எடுத்து வளர்த்து, பிறகு வெளியே போக முடியாதபடி செய்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நாம் வைத்திருக்கிற பெயர் பாசம். அந்தப் பெயர் இருப்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"கிடைச்சிருக்கு" என்ற சொல்லிலேயே எனக்குத் தகராறு. ரோட்டில் பத்து ரூபாய் கிடைக்கும். அணில் குட்டி கிடைக்காது, விழும். விழுந்த இடத்துக்குப் பத்தடிக்குள் அதைத் தேடுகிற ஒருத்தி இருப்பாள். அணிலுக்கு ஒரே வீடு என்று கிடையாது. ஒரு கூடு கலைந்தால் தூக்கிக்கொண்டு போக இன்னோர் இடத்தைப் பார்த்து வைத்திருக்கும். குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மதில்மேல் ஓடும் தாய் அணிலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. குட்டி வாலையும் காலையும் சுருட்டித் தாயின் தாடையைச் சுற்றிப் பந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்கு வரும். அந்த நேரத்தில் நாம் கீழே நின்று "ஐயோ பாவம்" என்று மிச்சமிருப்பதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது சிக்கலான காரியமும் இல்லை. முதலில் குட்டியைச் சூடாக்க வேண்டும். ஜில்லென்று கிடக்கிற குட்டியைத் தாய் எடுக்கத் தயங்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். காயம் இல்லை, ஈ மொய்க்கவில்லை, பூனை பல் படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மூடியில்லாத ஒரு செருப்பு டப்பாவில் துணி விரித்து, அதே மரத்தில் எட்டுகிற உயரத்தில் கட்ட வேண்டும். பிறகு போய்விட வேண்டும். கடைசி வேலைதான் யாராலும் முடிவதில்லை. டப்பாவுக்கு மூன்றடியில் செல்போனோடு நின்றுகொண்டு "வரவே மாட்டேங்குது ப்ரோ" என்கிறார்கள். தூரத்தில், ஜன்னலுக்குப் பின்னால் நின்று காக்கையும் பூனையும் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அணில் பகலில் நடமாடும் பிராணி, இருட்டிய பிறகு வராது. சாயங்காலம் வரை வரவில்லையென்றால் ராத்திரி உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் மறுபடி வைக்கலாம். "மனுஷ வாடை பட்டா சேத்துக்காது" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார். சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாட்டி சொன்ன பல நல்ல விஷயங்களில் இது மட்டும் தப்பு.

இப்படித் தாய் வந்து எடுத்துப்போன பிறகு எனக்கு வருகிற செய்திகள்தான் வேடிக்கை. சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? "எடுத்துட்டுப் போயிடுச்சு ப்ரோ..." என்று மூன்று புள்ளி வைத்து வரும். ஒரு பெண் வெளிப்படையாகவே சொன்னார், பேரெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன் என்று. அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. மனதில் இருந்ததைச் சொன்னார், அதற்கு முன்பே டப்பாவையும் கட்டிவிட்டிருந்தார்.

நிஜமாகவே தாய் செத்த குட்டிகளும் உண்டு. அவை எப்படி உருவாகின்றன என்பதையும் பேசிவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் கம்பியில் படுகிற கிளைகளை வெட்டுவார்கள். தென்னையில் மட்டை கழிப்பார்கள். ஏசி சர்வீஸ்காரர் வெளி யூனிட்டின் பின்னால் அடைந்திருக்கும் தேங்காய் நாரையும் பஞ்சையும் "குப்பை சார்" என்று இழுத்துப் போடுவார். அந்தக் குப்பை ஒரு கூடு. எங்கள் அடுக்ககத்தில் ஒருமுறை நெட்டிலிங்க மரங்களை உச்சியோடு நறுக்கினார்கள், பால்கனியில் இலை விழுகிறதாம். அன்று காலையில் மூன்று குட்டிகள் கீழே கிடந்தன. தாய் வெட்டிய கிளையோடு வந்து நசுங்கிவிட்டது. குடியிருப்போர் குழுவில் அன்று நடந்த விவாதம் மரம் வெட்டியவருக்குக் கூலி அதிகமா என்பது. வெட்டுவதற்கு முன் பத்து நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னால் போதும், இந்தக் கட்டுரையின் பாதிக்கு வேலையே இருக்காது. ஆனால் அண்ணாந்து பார்ப்பதற்கு ரீல்ஸ் மதிப்பு இல்லை. விழுந்த பிறகு தூக்குவதற்குத்தான் உண்டு.

அந்த மூன்றும் என் வீட்டுக்கு வந்தன. எனவே பாலைப் பற்றிப் பேசலாம்.

தமிழ் வீட்டுக்குள் வருகிற எந்த அநாதை உயிருக்கும் முதலில் நீட்டப்படுவது பசும்பால். அதற்குப் பின்னால் ஒரு கலாச்சாரமே இருக்கிறது. பால் தூய்மை, பால் அமுதம், பால் வார்த்தால் புண்ணியம். அணில் குட்டியின் குடலுக்கு இந்தப் புராணம் எதுவும் தெரியாது. அணில் பாலில் கொழுப்பும் புரதமும் மிக அதிகம், பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறைவு. பசும்பாலில் நிலைமை தலைகீழ். குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும். இருபது கிராம் எடையுள்ள உடம்பில் வயிற்றுப்போக்கு என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். பிழிந்து எடுப்பதற்கு அதில் தண்ணீரே கிடையாது. கடையில் நாய்க்குட்டிக்கு என்று விற்கிற பால் பவுடர் கிடைக்கிறது, அது எவ்வளவோ மேல். அதையும் வந்த உடனே கொடுக்கக் கூடாது. முதலில் சூடு, பிறகு வெதுவெதுப்பான உப்புச் சர்க்கரைக் கரைசல் சொட்டுச் சொட்டாக, அதன் பிறகே பால். குளிர்ந்த வயிற்றில் எது போனாலும் செரிக்காது.

எப்படிக் கொடுப்பது என்பது இன்னொரு கொலைக்களம். நம் ஆட்கள் குட்டியைக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வைத்து இங்க் ஃபில்லரால் வாயில் பீய்ச்சுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். பால் மூக்கு வழியாகக் குமிழியிடும், அதுவும் வீடியோவில் "சோ க்யூட்" என்று ஓடும். அந்தக் குமிழி, நுரையீரலுக்குள் பால் போகிறது என்பதன் அடையாளம். இரண்டு நாளில் மூச்சு கடகடக்கும், மூன்றாம் நாள் முடிந்துவிடும். குட்டி நிமிர்ந்த நிலையில், தலை சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்ச் போதும். ஒரு வேளைக்கு உடல் எடையில் ஐந்து சதவீதம், அதாவது இருபது கிராம் குட்டிக்கு ஒரே ஒரு மில்லி. முடி முளைக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு முறை குடித்த பிறகும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும். தாய் நக்கிவிடுகிற அந்த வேலையை யாராவது செய்யாவிட்டால் அதற்குச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஒரு பிராணிக்கு ஒன்றுக்குப் போக வைத்துவிட்டு, காலை ஒன்பதரை மணி மீட்டிங்கில் நேற்று முடித்த வேலையைச் சொல்வது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு மேல் இப்படி ஓடும். கண் திறந்தபின் கொஞ்சம் மூச்சு விடலாம். பத்து வாரம் வாக்கில் பால் மறக்கும்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், நம் இலக்கியவாதிகள் அணிலைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு மில்லி கணக்கு வருவதே இல்லை. பரிவு வரும், ஈரம் வரும், பிரபஞ்சம் வரும். எடைபார்க்கும் தராசு வராது. நகைக்கடையில் பயன்படுத்துகிற மாதிரி சின்னத் தராசு முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. என்னிடம் யாராவது அணில் மேல் அன்பிருக்கிறது என்று சொன்னால் தராசு இருக்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றும்.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் ஓர் அணில் இருந்தது. புஜ்ஜி என்று பெயர். நல்ல மனிதர், நல்ல குடும்பம். பாலெல்லாம் ஒழுங்காகவே கொடுத்து வளர்த்தார்கள். பிறகு அது கேட்பதையெல்லாம் கொடுத்தார்கள். அணில் என்ன கேட்கும்? வேர்க்கடலை கேட்கும், சூரியகாந்தி விதை கேட்கும், பிஸ்கட் கேட்கும். ஹாலில் திரைச்சீலை மேல் ஓடும், அவர் தோளில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கும். ஐந்தாவது மாதத்தில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்தார். விழவில்லை. கடலையிலும் விதையிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பிராணிக்குச் சரியான வெயிலும் படாது. ரத்தத்துக்குக் கால்சியம் போதாமல் போனால் உடம்பு எலும்பிலிருந்து கடன் வாங்கும். எக்ஸ்ரேயில் எலும்பு புகை மாதிரி தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலிப்பு வந்து செத்துப்போனது. அதற்கென்று அவர் வைத்திருந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கடைசிப் பதிவுக்குக் கீழே வரிசையாக உடைந்த இதயங்கள். இப்படி நேசிக்க உங்களால்தான் முடியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். புஜ்ஜி செத்தது அந்த நேசத்தால்தான் என்று எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் மூடி வைத்தேன். அந்தக் கோபத்தை இங்கே இறக்கி வைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அது போக மாட்டேங்குது, என்ன பண்றது?" இதுதான் வீட்டில் அணில் வைத்திருக்கிற எல்லோரும் சொல்கிற கடைசி நியாயம். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்களாம், அதுவாகவே திரும்பி வந்துவிடுகிறதாம், அவ்வளவு பாசமாம். வராமல் என்ன செய்யும்? அது இன்னொரு அணிலைப் பார்த்ததில்லை. காக்கை நிழல் தரையில் ஓடினால் உறைந்து நிற்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேப்பங்கிளை அதன் காலுக்குப் பழக்கமில்லை. டைல்ஸும் சோபாவும் தெரியும். மனித உடம்பின் சூடு தெரியும். பயந்த பிராணி தெரிந்த இடத்துக்கு ஓடிவருவதற்கு நாம் பாசம் என்று பொழிப்புரை எழுதுகிறோம்.

என் தொழிலில் ரிடென்ஷன் என்று ஒரு கணக்கு உண்டு. செயலியைத் தரவிறக்கியவர்களில் ஏழாம் நாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்று பார்ப்பது. அந்த எண்ணை ஏற்றுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அதற்காக என்னென்ன தந்திரம் செய்கிறோம் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல முடியாது. அணில் வளர்ப்பில் நான் முதலில் பிடித்துக்கொண்ட விஷயம் இங்கே அந்தக் கணக்கு தலைகீழ் என்பதுதான். முப்பதாம் நாள் திரும்பி வந்தால் வேலையில் பிழை இருக்கிறது. எட்டாவது, பத்தாவது வாரத்தில் குட்டியின் குணம் மாறும். கையை நீட்டினால் பின்வாங்கும், பிடித்தால் கடிக்கும். ரத்தம் வருகிற கடி. நம் வீடுகளில் அப்போது பழமொழி வந்துவிடும், வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்று. எனக்கு அந்தக் கடிதான் தேர்வு முடிவு. இரண்டாவது தொகுதிக் குட்டிகளில் ஒன்று என் ஆள்காட்டி விரலில் பல்லைப் பதித்த அன்று நான் டெட்டால் போட்டுக்கொண்டே மனைவியிடம் "பாஸ் ஆயிடுச்சு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்தப் பழமொழியை நாம் பிராணிகளோடு நிறுத்திக்கொள்வதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். "உன்னை வளத்தவ நான்" என்ற வாக்கியம் நம் வீடுகளில் எந்த நேரத்தில், எதற்காகச் சொல்லப்படுகிறது? வேற்று ஊரில் வேலை, வேறு சாதியில் காதல், வேறு படிப்பு. வளர்த்தேன் என்பது தமிழில் ஒரு கடன் பத்திரம். இந்த மொழியில் நின்றுகொண்டு, வளர்த்ததை விடு, திரும்பிப் பார்க்காதே என்று சொல்வது கொஞ்சம் சிரமம்தான்.

ராமர் கதையை யாராவது எடுப்பீர்கள் என்பதால் நானே எடுத்துவிடுகிறேன். மூன்று கோடும் ராமர் விரல் பட்ட தடம், ஆகவே அணிலைத் தடவிக்கொடுப்பது நம் மரபு என்று ஒரு தாத்தா என்னிடம் வாதாடினார். தொல்காப்பிய மரபியலே இளமைப் பெயர்களைச் சொல்லும்போது அணிலை மூன்று வரி கொண்டது என்று அடையாளம் சொல்கிறது. அதற்குக் காரணக் கதை எதுவும் சொல்வதில்லை. குட்டி என்றும் சொல்லலாம், பறழ் என்றும் சொல்லலாம் என்கிறது. சேது அணில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் வருகிறது. அங்கே அணில்கள் தண்ணீரில் முங்கி, மணலில் புரண்டு, கடலை அடைக்க ஓடுகின்றன. அவ்வளவுதான். யாரும் தடவிக்கொடுப்பதாக அந்தப் பாசுரத்தில் இல்லை. ஓடுகிற அணிலைத்தான் ஆழ்வார் பார்த்தார். நமக்குக் கதையில் பிடித்துப்போனது தடவுகிற கை.

குறுந்தொகையில் இன்னும் கறாரான ஒரு பார்வை இருக்கிறது. ஆள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று தனிமையைச் சொன்ன கவிஞருக்கு அணிலாடு முன்றிலார் என்றே பெயர் நின்றுவிட்டது. மனிதர் இல்லாத இடத்தில்தான் அது நிம்மதியாக விளையாடுகிறது என்பதை அவர் எப்போதோ பார்த்துவிட்டார். அதே சமயம் அந்த அணில் அடர்ந்த காட்டில் இல்லை, முற்றத்தில்தான் இருக்கிறது. இதையும் கவனிக்க வேண்டும். வளர்த்த அணிலைச் சிலர் ஏதோ காட்டோரம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறார்கள், இயற்கையில் சேர்த்துவிட்டோம் என்று. நம் ஊர் மூவரி அணில் மனிதக் குடியிருப்பை ஒட்டி வாழ்கிற பிராணி. அதன் காடு நம் மதிலில் ஆரம்பிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மூன்றடியில் இருக்கிற அந்தக் காட்டுக்குள் அதை அனுப்பி வைக்கத்தான் நமக்கு மனமில்லை.

2024 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் பீநட் என்ற அணிலுக்காக உலகமே அழுதது நினைவிருக்கலாம். நியூயார்க் நகரில் தாய் காரில் அடிபட்டுச் செத்த குட்டியை ஒருவர் எடுத்து வளர்த்தார். சில மாதம் கழித்து வெளியே விட்டார், அது பாதி வால் இழந்து திரும்பி வந்தது, அதன்பின் ஏழு வருடம் வீட்டிலேயே இருந்தது, இன்ஸ்டாகிராமில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்த மாநிலத்தில் உரிமமில்லாமல் காட்டு விலங்கை வைத்திருப்பது குற்றம். அக்டோபர் 30ஆம் தேதி அதிகாரிகள் வந்து அணிலையும் கூட இருந்த ஒரு ரக்கூனையும் எடுத்துப்போய், ரேபிஸ் சோதனைக்காகக் கொன்றார்கள். பிறகு இரண்டுக்கும் ரேபிஸ் இல்லை என்று முடிவு வந்தது. தேர்தல் வாரம் என்பதால் அரசியல்வாதிகளும் அழுதார்கள். கொன்றது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அணில் மாதிரியான சிறு கொறிவிலங்குகளிடம் ரேபிஸ் அநேகமாகக் காணப்படுவதே இல்லை. ஆனால் அந்தக் கதை நம் ஊர் வாட்ஸாப்பில் சுற்றியபோது எல்லோரும் பிடித்துக்கொண்ட வரி ஒன்று உண்டு: வெளியே விட்டால் வால் போகும், வீட்டில் இருந்தால் ஏழு வருடம் வாழும். ஒருமுறை கதவைத் திறந்துவிட்டுப் பார்ப்பதுதான் விடுவது என்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

விடுவது என்பது மூன்று நான்கு வாரம் நடக்கிற வேலை. குட்டியைத் தனியாக வளர்க்கக் கூடாது, இன்னோர் அணிலோடு வளர்ந்தால்தான் அணிலாகும். ஒற்றைக் குட்டி என்றால் வேறு யாரிடமாவது இருக்கிற ஒற்றைக் குட்டியோடு சேர்த்துவிட வேண்டும், அது உங்கள் வீடாக இல்லாமல் அவர் வீடாக இருந்தாலும். (இந்த இடத்தில் பலர் பின்வாங்கிவிடுவார்கள்.) பால் குறைகிற காலத்தில் ஆளுயரக் கூண்டை வெளியே, மரத்தை ஒட்டி வைக்க வேண்டும். உள்ளே உடைத்த கிளைகள், பட்டை, கொய்யா, முருங்கைப்பூ, கடிக்கக் கடினமான கொட்டை. முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்கிறது, தேய வேண்டும். வெயிலும் மழைச்சாரலும் காக்கைச் சத்தமும் பழக வேண்டும். வெளியில் இருக்கிற அணில்கள் கூண்டின் மேல் வந்து திட்டும், அது நல்லது. நாம் கிட்டே போவதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும், பெயரே வைக்காமலிருப்பது இன்னும் உத்தமம். நான் அந்த மூன்றுக்கும் வைத்தது அ, ஆ, இ. பிறகு மழையில்லாத ஒரு காலை நேரத்தில் கதவைத் திறந்து அப்படியே விட்டுவிட வேண்டும். கூண்டு அங்கேயே இருக்கும், உள்ளே தூங்குகிற பெட்டி இருக்கும், கொஞ்ச நாள் சாப்பாடும் இருக்கும். முதல் நாள் அரை மணி நேரம் வெளியே, இரண்டாம் நாள் மதியம் வரை. ஒரு ராத்திரி வராது.

மதுராந்தகத்தில் அம்மா வீட்டுக் கொல்லையில்தான் என் கூண்டு இருந்தது. வேம்பும் கொய்யாவும் ஒன்றோடொன்று கிளை முட்டும் இடம். ஒன்பதாம் நாள் மூன்றும் வரவில்லை. அம்மா போனில், "பொண்ணக் கட்டிக் குடுத்த மாதிரி இருக்குடா தம்பி" என்றாள். "பொண்ணு தீபாவளிக்கு வருவாம்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பூனை ஒண்ணு சுத்துது இங்க" என்றாள்.

அந்தப் பூனையைத் தாண்டி என் வாதம் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். எதிர்த்தரப்பின் பலமான கேள்வி அதுதான். இரண்டு மாதம் தூக்கத்தை விட்டு வளர்த்ததை அடுத்த வாரமே பூனையோ வல்லூறோ தூக்கிப்போனால் எதற்காக இந்தப் பாடு? வீட்டிலிருந்தால் உயிரோடாவது இருக்குமே? இருக்கும். மறுக்கவில்லை. என்னுடைய அ, ஆ, இ மூன்றில் இன்று எது இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒன்பதாம் நாள் காலையில் வேம்பின் உச்சிக்கிளையிலிருந்து கொய்யாவுக்கு ஒன்று தாவியதை அம்மா பார்த்திருக்கிறாள். அந்தத் தாவல் ஹாலில் திரைச்சீலைக்கும் ஃபேனுக்கும் நடுவே நடக்காது. ஆயுளை வருடத்தில் மட்டும் எண்ணுகிறவர்களோடு எனக்குப் பேச்சு ஓடாது. அதுவும் அந்த வருடங்களில் நமக்கு ஒரு பங்கு, தோள்மேல் உட்காருகிற பங்கு, இருக்கும்போது அந்தக் கணக்கை நான் நம்பமாட்டேன்.

இன்னொரு பக்கத்தில் அறிவுஜீவி நண்பர்கள் இருக்கிறார்கள். அணில் அழிந்துவரும் இனமா? இல்லை, பட்டியலில் அது கவலைப்படத் தேவையில்லாத இனம். பிறகு எதற்கு இந்த மெனக்கெடல், விழுந்த குட்டி காக்கைக்குச் சாப்பாடு, இயற்கை தன் வேலையைச் செய்யட்டும் என்பார்கள். கூட்டிலிருந்து தானாக விழுந்த குட்டியைக் காக்கை எடுத்துப்போனால் நான் காக்கையோடு சண்டைக்குப் போவதில்லை. அணிலும் சமயத்தில் குருவி முட்டையைத் தின்கிற ஜீவன்தான். ஆனால் நெட்டிலிங்க மரத்தின் உச்சியை இயற்கை அறுக்கவில்லை. சந்தாப் பணத்தில் ஆள் வைத்து அறுத்தோம், அந்தப் பணத்தில் என் பங்கும் இருக்கிறது. அந்த மூன்று குட்டிகளுக்கும் பால் கொடுத்தது கருணையும் இல்லை, இனப் பாதுகாப்பும் இல்லை. உடைத்ததற்கு விலை கொடுப்பது. விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளையும் வீட்டுக்கு எடுத்துவருவேன் என்றால் அதற்குப் பெயர் வேறு.

கூண்டு இப்போது பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், மாமரக் கிளையை ஒட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு குட்டிகள், இரண்டும் வேறு வேறு இடத்தில் விழுந்தவை. கல்லூரியில் படிக்கிற அக்காவும் தம்பியும் வளர்க்கிறார்கள், தராசு வைத்து, நோட்டுப் போட்டு, என்னைவிட ஒழுங்காக. போன வாரம் தம்பி படம் அனுப்பினான், விரலில் பிளாஸ்டர். வரும் சனிக்கிழமை காலை கதவைத் திறக்க வேண்டும். நேற்று அக்கா கூப்பிட்டாள். "அண்ணா, எங்க சித்தி பசங்க ஞாயித்துக்கிழமை வர்றாங்க, அணில் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க. ஒரு நாள் தள்ளிப் போடலாமா?"

வேண்டாம் என்றேன்.